கறுத்துப்போன லேப்டாப் திரை: டார்ச்சா, டிவியா, ராமா?

ஃபேன் ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு தட்டத் தட்ட எரிந்து அணைகிறது, திரை மட்டும் கறுப்பு. முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி ஆன் செய்து பாருங்கள். அதில் சரியாகாவிட்டால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் வீட்டிலேயே மூன்று வழி உண்டு: டார்ச் அடிப்பது, டிவியில் இணைப்பது, ராமை (கணினியின் தற்காலிக நினைவகத் துண்டு) கழற்றி மாட்டுவது. கேட்டவுடன் பலரும் சொல்வது ராம். என் ஓட்டு டிவிக்கு.

டார்ச்சுக்குச் செலவே இல்லை. அறையை இருட்டாக்கி, செல்போன் வெளிச்சத்தைத் திரைமேல் சாய்வாக அடிக்க வேண்டும். ஐகான்களோ பாஸ்வேர்டு கட்டமோ மங்கலாகத் தெரிந்தால், படம் வருகிறது, திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. உடனே புதுப் பேனலுக்கு, அதாவது புதுத் திரைக்கு, தலையாட்ட வேண்டாம். லேப்டாப்பின் முக்கிய சர்க்யூட் போர்டில் பேக்லைட்டுக்கான சின்ன ஃபியூஸ் போனாலும் இப்படித்தான் ஆகும். ஆனால் ஒன்றுமே தெரியாவிட்டால் டார்ச்சால் அதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது. தானே ஒளிரும் ஓஎல்இடி வகைத் திரையில் பேக்லைட்டே கிடையாது என்பதால் அங்கே இது வீண் வேலை.

டிவி சோதனை அப்படியில்லை. வந்தாலும் சேதி, வராவிட்டாலும் சேதி. எச்டிஎம்ஐ கேபிளை மாட்டி ஆன் செய்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். சில லேப்டாப்கள் விண்டோஸ் ஏறும்வரை வெளியே படம் அனுப்பாது. அப்போதும் வரவில்லையென்றால் விண்டோஸ் கீயுடன் 'பி'-யைத் தட்டி, மறுபடி 'பி', பிறகு என்டர். படம் வந்துவிட்டால் ராம், பிராசசர், கிராபிக்ஸ் எல்லாம் நலம். சந்தேகம் பேனல், அதற்குப் போகும் கேபிள், முன்பு சொன்ன பேக்லைட் ஃபியூஸ் இவற்றின்மேல்தான். மூடியை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் படம் வெட்டி வெட்டி வந்தால் பெரும்பாலும் கேபிள்தான். கீல் ஓரமாகப் போவதால் திறந்து மூடியே அது நைந்துபோகும். 2016-ல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இந்தக் கேபிள் தேய்ந்து பேக்லைட் போய், 2019-ல் ஆப்பிளே இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. அதில் கேபிள் பேனலோடு சேர்ந்தே இருந்ததால் திரையையே மாற்ற வேண்டியிருந்தது. பல விண்டோஸ் லேப்டாப்களில் கேபிளை மட்டும் மாற்றலாம், பேனலைவிட விலை மிகக் குறைவு. எனவே கடையில் "போர்டு போயிருச்சு" என்றால், அங்கிருக்கும் மானிட்டரிலேயே இணைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

டெல் வைத்திருப்பவர்களுக்கு டிவிகூட வேண்டாம். 'டி' எழுத்தை அழுத்தியபடி ஆன் செய்தால் திரை தானாகச் சிவப்பு, பச்சை, நீலம் என நிறம் மாறும். மாறினால் பேனல் நன்றாக இருக்கிறது.

ராமில் கை வைப்பது டிவியும் கறுப்பாக இருந்தால் மட்டும். வாரண்டி இருந்தால் அதுவும் வேண்டாம், நேரே சர்வீஸ் சென்டர். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்ற எதுவும் இல்லை. கழற்ற முடிந்தால், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, இரு பக்கக் கிளிப்பையும் விலக்கினால் ராம் சாய்ந்து எழும்பும். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் என்றால் மாட்டிய பின் முதல்முறை ஓரிரு நிமிடம் திரை கறுப்பாகவே நிற்கலாம், பதறி அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் இரண்டு திரையும் கறுப்பு என்றால் போர்டு வேலை, அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.