60-ஐத் தாண்டினால் ஆடும் என் ஜிப்சியை விற்கிறேன்

போன வாரம் பழைய வகுப்புத் தோழன் ஒருவன் போன் செய்தான். "மாப்ள, ஜிப்சியை விக்கிறியாமே, நானே எடுத்துக்கட்டுமா?" நாளைக்கு அவன் பொண்டாட்டி என்னைத் திட்டக் கூடாது. அதனால் போனில் மழுப்பியதை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு அவனே முடிவு செய்யட்டும்.

1997 மாடல் மாருதி ஜிப்சி கிங், 1.3 லிட்டர் கார்புரேட்டர் வண்டி. நான் மூன்றாவது ஓனர், 2011-இல் வாங்கினேன். வாங்கியபோது ஒழுங்காகத்தான் இருந்தது. கெடுத்தது நான்.

2016-இல் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டு, லீஃப் ஸ்பிரிங்குக்கு (பட்டை ஸ்பிரிங்) இரண்டு அங்குலம் நீளமான ஷேக்கிள் போட்டேன்; ஸ்பிரிங் நுனியை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் இணைப்புத்தான் ஷேக்கிள். 205/70 டயரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய 235/75 பட்டன் டயர் (சேற்றுக்கான கட்டை வரி டயர்) மாட்டினேன். ஃபைபர் டாப் வைத்தேன். வெளியே ஸ்னார்க்கல் என்று, தண்ணீரில் இறங்கினால் இன்ஜினுக்கு மேலிருந்து காற்று இழுக்கும் குழாய் ஒன்று நிற்கிறதே, அது ஏர் ஃபில்டரோடு சேரவே இல்லை. சும்மா அழகுக்கு. இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த ஆட்டம். பொள்ளாச்சியிலிருந்து கோவை போகும் ரோட்டில் 60-ஐத் தாண்டிய பிறகு ஒரு சின்னப் பள்ளமோ, பாலத்து இணைப்போ வந்தால் போதும். ஸ்டியரிங் சாமி வந்த மாதிரி இடதும் வலதுமாக உதறும். டேஷ்போர்டு, கண்ணாடி, பின்னால் கிடக்கும் தேங்காய் மூட்டை எல்லாம் சேர்ந்து ஆடும். 30-க்கு இறக்கினால்தான் அடங்கும். என் மனைவி முதல் முறை அழுதாள். இரண்டாம் முறையிலிருந்து பஸ்ஸில் போகிறாள்.

இதற்காக நான் செலவழித்த காசை எழுதினால் எனக்கே வயிறு எரியும். வீல் பேலன்சிங் ஐந்து தடவை. முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை, அதான் டை ராட் எண்டு, மாற்றினேன். உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் இரண்டு முறை மாற்றினேன். டாம்பர் புதிதாக இருக்கும்வரை ஆட்டம் ஒளிந்திருக்கும், அப்புறம் திரும்ப வரும். ஷேக்கிளைப் போட்ட பட்டறையோ, "ஜிப்சின்னா ஆடத்தாங்க செய்யும்" என்று கைகழுவிவிட்டது.

கடைசியில் உடுமலைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்தான் காரணத்தைப் புரியவைத்தார். இந்த வண்டியில் முன் ஸ்பிரிங்கின் ஷேக்கிள் முன்நுனியில் இருக்கிறது. அதை நீளமாக்கினால் பட்டையின் முன்பக்கம் கீழே இறங்கி ஆக்ஸில் முன்பக்கமாகச் சாயும். அப்போது கேஸ்டர் கோணம் குறைந்துவிடும். சக்கரம் தானாக நேராகத் திரும்பி நிற்பதற்கு அந்தக் கோணம்தான் ஆதாரம். கோணம் போய், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்கும் தேய்ந்து, மேலே கனமான டயரும் சேர்ந்தால் ஆடாமல் என்ன செய்யும்? அவர் கறிக்கடையில் தொங்குமே, அந்த மாதிரி ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி சக்கர முனையை இழுத்துப் பார்த்தார். எவ்வளவு இழுவையில் அசைகிறது என்பதை வைத்து பேரிங் இறுக்கம் தெரிந்துவிடுமாம். வலது பக்கம் இறுக்கமே இல்லை. பேரிங் மாற்றி, இறுக்கம் வர ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுத்து, கோணத்தை மீட்க ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத்தகடு வைத்தார். ஒன்றரை வருடம் வண்டி அமைதியாக ஓடியது. இப்போது மறுபடியும் ஆடுகிறது. வலது பேரிங் மீண்டும் போயிருக்கிறது. நான் மாற்றப் போவதில்லை. வாங்குகிறவர் பாடு.

மீட்டர் விஷயம் ஒன்று. பெரிய டயர் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதலாகப் போகும். மீட்டர் 60 காட்டினால் வண்டி 66-இல் போகிறது. டயர் மாற்றியபோது 61,000, இப்போது 98,000 காட்டுகிறது. உண்மையில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. மைலேஜ் ஒன்பது என்று நான் புலம்புவதும் பத்துக்குப் பக்கம் என்று படிக்க வேண்டும். இதில் மட்டும் எனக்கு லாபம்.

இவ்வளவு திட்டுகிறவன் ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தான் என்றால், வால்பாறை மலைப்பாதை தொடங்கும் ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு அப்பால் இது வேறு வண்டி. வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு. 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட இடமே இல்லை, அதனால் ஆட்டமும் இல்லை. ஒரு டன்கூட இல்லாத வண்டி. இரண்டாம் கியரில் போட்டுவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டால் போதும். எஸ்டேட்டுக்குள் மழைக்குப் பிறகு பெரிய பெரிய வண்டிகள் சேற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். நான் இறங்கி முன்சக்கர ஹப்பைத் திருகி லாக் செய்து, நாலு சக்கரமும் இழுக்க வைக்கும் குட்டி லிவரை இழுத்து, முனகாமல் ஏறி வந்திருக்கிறேன். ஒரு தடவை கயிறு கட்டி ஒரு பொலேரோவை இழுத்துக்கொண்டும் வந்தேன். அதை இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, மற்ற கோளாறுகள். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) ஆயில் கசிகிறது. டிரைவர் காலடியில் தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறது; பட்டி வைத்து மறைக்கவில்லை, மேட்டைத் தூக்கினால் ரோடு தெரியும். காலையில் சோக்கை இழுத்து இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) 2027 ஜூன் வரை இருக்கிறது. 2017-இல் 600 ரூபாயில் முடிந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம், 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. என் முறை அதே வருடம் ஜூனில் வந்தது, என் ராசி அப்படி. எஃப்.சி.க்குப் பழைய டயரையும் ஷேக்கிளையும் மாட்டித்தான் கொண்டுபோனேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி தப்பு, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அதனால் பழைய சாமான் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், வண்டியோடு தருகிறேன்.

இதுவரை நான்கு பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேர் முதலில் கேட்டது, "ஏனுங்க, இது ஆர்மி ஏலத்துல எடுத்ததுங்களா?" இல்லைங்க. நான்காமவர் பானட்டைக்கூடத் திறக்காமல் ஸ்னார்க்கலைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார். அவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. மச்சான் வேறு, "இன்னும் கொஞ்சம் போட்டா ஜிம்னி வாங்கிடலாமே" என்கிறார். 2023 ஜூனில் மாருதியின் ஜிம்னி வந்தபோது ஷோரூம் விலையே 12.74 லட்சம். அவர் கணக்கில் 'கொஞ்சம்' என்றால் என்னவென்று தெரியவில்லை.

தோழனுக்கு: இதை வாங்காதே. மாடிஃபை செய்த எந்த ஜிப்சியையும் வாங்காதே, ஷேக்கிள் மாற்றாத வண்டியாகத் தேடு. விலை 2.40 லட்சம் என்று சொல்லியிருந்தேன். இதை எழுதி முடித்தபோது 2.60 ஆக்கிவிட்டேன்.

வேறு யாராவது பார்க்க வருவதானால் ஞாயிறு காலை வாருங்கள். முதலில் கோவை ரோட்டில் 65 வரை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஆழியாறு பக்கம் சாவி தருவேன்.