சிறு ஆய்வகத்துக்கு ஸ்பிளிட் ஏசியா, டக்ட் அமைப்பா?

சென்னையில் ஒரு சிறு ஆய்வகத்தைத் தொடங்குவோர் முதலில் நினைப்பது ஸ்பிளிட் ஏசியைத்தான். விலை குறைவு, பழுது பார்ப்பவர் தெருவுக்குத் தெரு கிடைப்பார். நுண்ணோக்கியும் தராசும் மட்டுமே உள்ள அறைக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் அது அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. புதுக் காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.

வேதிப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டியான ஃபியூம் ஹூட் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். 1.2 மீட்டர் அகலமும் 0.4 மீட்டர் உயரமும் திறந்திருக்கும் ஹூட், நொடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் காற்றை இழுத்தால், மணிக்குச் சுமார் 860 கன மீட்டர் வெளியேறுகிறது. 60 கன மீட்டர் அறையின் காற்று மணிக்குப் பதினான்கு முறை மாறுவதற்கு இது சமம். அந்த இடத்தை நிரப்ப, கதவிடுக்கு வழியாகச் சென்னையின் ஈரக்காற்று நுழையும். ஸ்பிளிட் ஏசி அதனுடன் போராடித் தோற்கும். வெளிக்காற்றை வடிகட்டி, குளிர்வித்து, ஈரம் நீக்கி, அளந்து குழாய்கள் வழியே அனுப்பும் டக்ட் அமைப்பே இங்கு பொருந்தும். செலவும் மின்கட்டணமும் கூடுதல்தான்.

டக்ட் அமைப்பில் வெப்பமூட்டியும் (ஹீட்டர்) சேர்க்கப்படும்; இந்த ஊரில் அது எதற்கு என்று கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெப்பநிலை இறங்கியதும் ஸ்பிளிட் ஏசியின் கம்ப்ரசர் ஓய்ந்துவிடும், ஈரமோ அறையிலேயே தங்கும். டக்ட் அமைப்பு காற்றை நன்றாகக் குளிர்வித்து நீரை வடித்தபின் சிறு ஹீட்டரால் மீண்டும் சூடாக்குவதால், வெப்பநிலை, ஈரம் இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும்.

திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில், எதை வாங்கினாலும் வெளிப்புறச் சுருளுக்கு அரிப்புத்தடுப்புப் பூச்சு கேட்டு வாங்குவது நல்லது.