பிடுங்குவதா, காப்பாற்றுவதா? சொத்தைக் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வழிகள்

பல்வலி இரவில்தான் உச்சத்துக்குப் போகும். படுத்தவுடன் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது; பல்லுக்குள் அடைபட்டு வீங்கிக் கிடக்கும் நரம்புச் சதைக்கு விரிய இடமில்லை; அதனால் விண்விண் என்று தெறிக்கிறது. அப்படி ஓர் இரவைக் கழித்தவர் காலையில் மருத்துவரிடம் சொல்வது ஒன்றுதான்: "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்." அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ரூட் கெனால் செய்து கேப் போட்டால் காப்பாற்றலாம்" என்கிறார். அதாவது, பல்லுக்குள் கெட்டுப்போன நரம்புச் சதையை நீக்கி அடைத்து, பல்லின் மேல் ஓர் உறை மாட்டுவது. வாழ்நாளுக்கான முடிவை இரண்டு நிமிடத்தில், தூக்கமில்லாத தலையோடு எடுக்க வேண்டியிருக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேப்பைத் தாங்கும் அளவுக்கு ஈறுக்கு மேலே நல்ல பல் மிச்சமிருந்தால் காப்பாற்றுவதே சரி. இல்லையென்றால் தயங்காமல் எடுத்துவிடலாம்.

பெரும்பாலும் இந்த நெருக்கடியில் சிக்குவது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைக்கும் நிலைப்பல் அது. எந்தப் பால்பல்லும் விழாமல் வரிசையின் பின்னால் முளைப்பதால், அதையும் பால்பல் என்றே எண்ணிப் பெற்றோர் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். போனால் திரும்ப முளைக்காத பல் அது.

பிடுங்குவதில் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்ப்போம். பயம் அதிகம் இருப்பது இங்கேதான்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிக்கு வெறும் வயிறு தேவையில்லை. பட்டினியோடு வந்தால் நாற்காலியில் மயங்கும் வாய்ப்பு கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், இதய வால்வுக் கோளாறு, எலும்புத் தேய்மானத்துக்கான மருந்து எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது மிகத் தவறு. பல் குழியில் கசியும் ரத்தத்தைப் பஞ்சை வைத்து அழுத்தியே நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் மாரடைப்பு வந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் லிக்னோகெய்ன், கூடவே சிறிதளவு அட்ரினலின். ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், அது அடங்கிவிடும். கீழ்க்கடைவாய்ப் பல் என்றால் அந்தப் பக்கத்துப் பாதி உதடு தடித்துப்போனதுபோல் ஆகும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடுதலாக இருப்பதால் மருந்து சரியாகப் பிடிக்காமல் போவதுண்டு. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்துவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய காலம் என்றோ போய்விட்டது.

வலி மரத்துவிடும், ஆனால் அழுத்தம் தெரியும். இதை முன்பே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மருத்துவர் பல்லை மேல்நோக்கி இழுப்பதில்லை. பல்லையும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய நார்களை அறுத்து, முன்னும் பின்னும் அசைத்து, குழியை விரித்துத்தான் எடுக்கிறார். அப்போது 'மளுக்' என்ற ஒலி எலும்பு வழியாகக் காதில் பெரிதாகக் கேட்கும். வேர் வளைந்திருந்தாலோ முறிந்தாலோ ஈறைக் கொஞ்சம் விலக்கி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள்.

அதன்பின் பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் இனி அந்தப் புண்ணுக்கு மூடி. அதனால் முதல் 24 மணி நேரம் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. புகைபிடிப்பது பல நாட்களுக்குக் கூடாது. குளிர்ந்த தயிர்ச் சோறு போதும், ஐஸ்கிரீமும் சாப்பிடலாம். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். சிறு பிள்ளைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே இருங்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மூன்றாம் நாள் வாக்கில் திரும்பிக் காதுவரை இழுத்தால், ரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். மாத்திரையோடு காத்திருக்காமல் போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது நம் ஊர்களில் இன்னும் உலவும் அச்சம். பார்வைக்கு உரியது இரண்டாம் மண்டை நரம்பு, பற்களுக்கு உரியது ஐந்தாம் நரம்பு. பல்லை எடுப்பதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்தப் பயத்தால் சீழ் பிடித்த பல்லை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

ரூட் கெனாலிலும் அதே ஊசிதான். 'பயங்கரமாக வலிக்கும்' என்று பலர் நினைவில் வைத்திருப்பது, சிகிச்சைக்கு வருமுன் அவர்கள் பட்ட வலியை. கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள், மூன்று அல்லது நான்கு குழாய்கள். மெல்லிய ஊசிபோன்ற அரங்களால் அவற்றைச் சுரண்டி, கிருமிநாசினியால் கழுவி, மரப்பாலிலிருந்து எடுக்கும் கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார்கள். சிரமம், ஒவ்வொரு முறையும் நெடுநேரம் வாயைத் திறந்தே வைத்திருப்பது. சில நாட்கள் கடிக்கும்போது வலிக்கும். நன்றாகச் செய்த சிகிச்சை பெரும்பாலும் பலன் தரும், ஆனால் எல்லாப் பல்லும் பிழைத்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது.

வலி நின்றதும் பலர் கேப் போடாமல் நின்றுவிடுகிறார்கள். நெஞ்சு பொறுக்காத இடம் இது. சொத்தையாலும் சிகிச்சையாலும் உள்ளே குடைந்துபோன கடைவாய்ப் பல், முறுக்கைக் கடிக்கும் ஒரு கடியில் நெடுக்காகப் பிளந்துவிடும். அப்புறம் பிடுங்கத்தான் வேண்டும். பணமும் போய், பல்லும் போய்.

பணக் கணக்குக்கு வருவோம். தனியார் மருத்துவமனைகளில் சாதாரணமாகப் பிடுங்குவது சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து சொச்சம். ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்தால் பல ஆயிரம். இப்படிப் பார்த்தால் பிடுங்குவதே மலிவு. ஆனால் அந்த வெற்றிடம் சும்மா இருக்காது. பின்னால் உள்ள பல் சாயும், எதிரே உள்ள மேல்பல் கீழிறங்கும், ஓராண்டுக்குள் அங்குள்ள எலும்பின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பிறகு பிரிட்ஜ் கட்ட, அதாவது பக்கத்துப் பற்களின் தாங்கலில் செயற்கைப் பல் பொருத்த, இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களை இழைக்க வேண்டும். தாடை எலும்பில் செயற்கை வேர் பதித்துப் பல் வைக்கும் இம்ப்ளாண்ட் என்றால் இன்னும் பெருஞ்செலவு. கழற்றி மாட்டும் பல் மலிவு, ஆனால் மெல்லும் பலத்தில் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது.

ஆனாலும், தினக்கூலிக்குப் போகும் ஒருவர் பிடுங்கச் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பிடுங்க ஒரு நாள் கூலி போகும். ரூட் கெனாலுக்கும் கேப்புக்கும் பல நாள் கூலி போகும். அரசு மருத்துவமனைகளில் மாலை நேரப் பல் சிகிச்சை பரவலாகக் கிடைத்தால் எத்தனையோ பற்கள் பிழைக்கும்.

பிடுங்குவதே சரியான இடங்களும் உண்டு: வேர்வரை நெடுக்காகப் பிளந்த பல், ஈறு நோயால் எலும்பின் பிடிமானம் இழந்து ஆடும் பல், ஈறோடு ஈறாகக் கரைந்துபோன பல், கோணலாக முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல். இவற்றில் ரூட் கெனாலுக்குச் செலவழிப்பது வீண்.

வலி மாத்திரையில் காலம் தள்ளுவதை மட்டும் நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. சில வாரங்களில் வலி தானாக நின்றுவிடலாம். நரம்பு செத்ததால் நின்றது அது. சீழ் வேர்நுனியில் தொடர்ந்து சேரும். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ கடினமானால், மறுநாள்வரை பொறுக்காமல் பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.

நாற்காலியில் சாய்வதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கேப் நிற்கும் அளவுக்குப் பல் மிச்சமிருக்கிறதா? எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது, எப்போது? இம்ப்ளாண்ட் எண்ணம் இருந்தால் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழியில் எலும்புத்தூள் நிரப்பி அகலத்தைக் கொஞ்சம் காப்பாற்ற முடியும். ஓராண்டு கழித்துப் போய்க் கேட்டால் அந்த வேலை இன்னும் கடினமாகும்.