ஏஜென்ட்டா, புரோக்கரா? இரண்டு கிளெய்ம் பார்த்த பிறகு சொல்கிறேன்

வீட்டு மருத்துவ பாலிசியைப் பல வருஷம் ஏஜென்ட் வழியாக வைத்திருந்தோம். இப்போது புரோக்கரிடம். மூன்றாவது வழி, கம்பெனி வெப்சைட்டில் நாமே எடுப்பது. பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. ஏஜென்ட், புரோக்கர் இருவருக்கும் கமிஷன் தருவது கம்பெனிதான்.

ஏஜென்ட் கம்பெனியின் ஆள். புரோக்கர் பல கம்பெனி பாலிசிகளைக் காட்டலாம். விதிப்படி அவர் வாடிக்கையாளரின் பிரதிநிதி. இதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது கிளெய்மில்தான்.

2022-ல் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய். நாங்கள் எடுத்தது 8,000 ரூபாய் அறை. மூன்று நாளுக்கு 9,000 கைவிட்டுப் போகும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டோம். ஆனால் அறை வாடகை வரம்பைத் தாண்டியதால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் எட்டுக்கு ஐந்து என்ற கணக்கில் வெட்டினார்கள். இவை சேர்ந்து வந்த 80,000 ரூபாய்க்கு 50,000தான் வந்தது. மருந்து பில்லையும் அதே கணக்கில் குறைத்திருந்தார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கூடாது என்று அப்போதே விதி இருந்தது. அன்று எங்களுக்குத் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. ஏஜென்ட் அப்பாவின் நண்பர், தங்கமான மனிதர். "டி.பி.ஏ. (கம்பெனிக்காக கிளெய்மைப் பரிசீலிக்கும் நிறுவனம்) சொல்றதுதான் தம்பி, நம்ம கையில என்ன இருக்கு" என்றார்.

அடுத்த ரெனியூவலில் புரோக்கர் மூலம் வேறு கம்பெனிக்கு போர்ட் செய்தோம், அதாவது பழைய பாலிசியின் பலன்களோடு மாறினோம். சில நோய்களுக்கு கிளெய்ம் கிடைக்க ஆகும் காத்திருப்புக் காலத்தில் நாங்கள் ஏற்கெனவே கழித்த வருஷங்கள் வீணாகவில்லை. அம்மாவின் பி.பி. மாத்திரையைப் படிவத்தில் எழுதியே ஆகணும் என்று புரோக்கர் பிடிவாதமாக நின்றார். பிறகு அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். அட்மிஷனுக்கு முன்பே புரோக்கர் ஆபீஸில் கிளெய்ம் பார்க்கும் பெண் போன் செய்து, "ரூம் வாடகை எவ்வளவுன்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கட்டுங்க சார்" என்றார். டிஸ்சார்ஜ் அன்று கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) நின்றது. டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் பி.பி. 14 வருஷம் என்று எழுதிவிட்டார். படிவத்தில் 4 வருஷம். அந்த கிளெய்ம் பெண்தான் சிகிச்சை தந்த டாக்டரிடம் திருத்தக் கடிதம் வாங்கச் சொல்லி, அதில் என்ன இருக்கணும் என்பதையும் வாட்ஸப்பில் அனுப்பினார். சாயங்காலம் அப்ரூவல் வந்தது. படிவத்தில் பி.பி.யே இல்லாமல் இருந்திருந்தால் கடிதம் உதவியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

புரோக்கர் என்றாலே நல்லவர் என்று சொல்ல வரவில்லை. கமிஷன் கூடுதலாக வரும் பாலிசியைத் தள்ளிவிடுகிறவரும் உண்டு. அதனால் மூன்று கம்பெனி கொட்டேஷனாவது எழுத்தில் கேளுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) பட்டியலில் பெயர் இருக்கிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, கிளெய்ம் பார்க்கத் தனி ஆள் உண்டா என்று கேட்டு, கையெழுத்துப் போடுமுன் அவரிடமே ஒருமுறை பேசிவிடுங்கள். விற்கிறவர் பேச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கார் இன்ஷூரன்ஸை ஆன்லைனில் நானேதான் போடுகிறேன். அதில் இதுவரை கிளெய்ம் எதுவும் வரவில்லை. டேர்ம் பாலிசிக்கு (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எந்த வழி நல்லது என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. அப்பாவின் எல்.ஐ.சி. பாலிசிகள் இன்னமும் அந்த நண்பரிடம்தான். பிரீமியம் தேதிக்கு இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு வந்துவிடுவார்.