மாண்ட்ரியல் வெண்குறுமீன் தரவுத்தளம்: ரோகிணியைச் சுற்றியுள்ள கொத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்

காசு கட்ட வேண்டாம், உலாவியில் திறந்தால் போதும். மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்தத் தளத்தில், வெண்குறுமீன்களைப் (இறந்த விண்மீன்களின் சுருங்கிய மிச்சங்கள்) பற்றி இதுவரை வெளிவந்த அளவீடுகள், எந்த ஆய்வுக்கட்டுரையில் வந்தவை என்ற விவரத்தோடு அட்டவணையாகக் கிடைக்கின்றன. வெப்பநிலை, நிறை, வகை என்று சலித்து எடுக்கலாம். பல விண்மீன்களுக்கு நிறமாலையையும் (ஒளியை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) அங்கேயே பார்க்கலாம், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

அட்டவணையில் டிஏ, டிபி என்று வெறும் இரண்டெழுத்துதான் இருக்கும். குறுமீனின் வளிமண்டலம் நிறமாலையில் எதன் கோடுகளைக் காட்டுகிறது என்பதற்கான குறியீடு அது: டிஏ என்றால் ஹைட்ரஜன் கோடுகள், டிபி என்றால் ஹீலியம், டிஇசட் என்றால் உலோகம். ஆனால் ஒரு டிஏ நிறமாலையைத் திறந்து, ஹைட்ரஜன் கோடுகள் அகலமான பள்ளங்களாக விழுந்து கிடப்பதைப் பாருங்கள்: சூரியனின் நிறையில் பாதிக்கு மேல் பூமி அளவுக்குள் அமுங்கிக் கிடக்கிறது, அந்த அழுத்தம்தான் கோடுகளை இப்படி அகட்டுகிறது என்பது கண்ணெதிரே புரியும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் ஹையடெஸ் கொத்து என்பேன். ரோகிணியைச் சுற்றித் தெரிகிற கூட்டம் அது, சுமார் 150 ஒளியாண்டு தொலைவு (ரோகிணி அதில் சேராது, பாதி வழியிலேயே நிற்கிறது). கொத்து விண்மீன்கள் எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை, அதனால் எவ்வளவு பெரிய விண்மீன் இறந்து இந்தக் குறுமீன் ஆனது என்று கணக்குப் போட முடியும், தனியாகத் திரிகிறவற்றில் அது கஷ்டம். ஹையடெஸில் பெரும்பாலும் டிஏதான். டபிள்யூடி 0437+138 என்ற குறுமீன் மட்டும் வேறு மாதிரி, ஹீலியத்தோடு கொஞ்சம் ஹைட்ரஜனும் காட்டும் டிபிஏ.

அந்த ஒன்றுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், இளம் கொத்துகளில் ஹீலியக் குறுமீன்களே காணோமே என்று 2005-இல் வானியலாளர் கலிராயின் குழு ஒரு கட்டுரை எழுதியது. பிறகு எம் 67 கொத்தில் டிபிகளும் கிடைத்தன, டிஏ, டிபி விகிதமும் கொத்துகளுக்கு வெளியில் காண்பதோடு ஒத்துப்போனது. கொத்து என்பதாலேயே வளிமண்டலம் மாறுகிறதா என்ற கேள்விக்கு இன்னும் நிறைய நிறமாலைகள் வேண்டும் என்பது என் எண்ணம்.

தளத்தில் ஆங்கிலம் மட்டும்தான், வகைக் குறியீடுகளை முன்பே தெரிந்துகொண்டு போனால் தடுமாற்றம் இருக்காது. அப்புறம், வகையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், கட்டுரையையும் திறங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெறும் ஹைட்ரஜன் காட்டிய இரண்டு ஹையடெஸ் குறுமீன்களை ஹப்பிள் புற ஊதாவில் பார்த்தபோது சிலிக்கான் தெரிந்தது, 2013-இல் வெளிவந்த முடிவு இது. அந்த ஈர்ப்பில் சிலிக்கான் சட்டென்று உள்ளே மூழ்கிவிடும். அது இன்னும் மேலே தெரிகிறது என்றால், உடைந்த பாறைத் துண்டுகள் அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன.