ரப்பர் படகா, கப்பல் மேல்தளமா, கயாக்கா?

வில்ஹெல்மினா விரிகுடாவில் கப்பல் நின்ற அன்று காலை, திமிங்கிலம் பார்ப்பது எதிலிருந்து என்பதில் எங்கள் குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்தது. பதினாறு வயது மகனுக்குக் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒல்லிப் படகு. ஒன்பது வயது மகளுக்கும் எனக்கும் ரப்பர் படகு. மேல்தளத்து நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றார் அம்மா.

அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கும் இந்த விரிகுடா, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஹம்ப்பேக் திமிங்கிலங்களுக்குப் பந்திக்கூடம். கொலம்பியா, பனாமா பக்கத்து இளஞ்சூட்டுக் கடலில் குட்டி போட்டவை கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்பதற்காக இவ்வளவு தூரம் வருகின்றன. வளர்ந்த ஒன்று 14 மீட்டர் நீளத்தைத் தொடும். நாங்கள் பத்துப் பேர் விளிம்பில் உட்கார்ந்து போன படகு அதில் பாதிகூட இல்லை.

படகின் பெருமை காதுக்கும் மூக்குக்கும்தான். இன்ஜினை நிறுத்தியதும் பின்னாலிருந்து, பஸ்ஸின் தானியங்கிக் கதவு திறப்பது போன்ற சீறல், பத்து மடங்காக. அடுத்த நொடி அழுகிய மீன் நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேல்தளத்துக்கு இது எட்டாது. என்டர்பிரைஸ் தீவோரம் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் ‘குவர்னோரன்’ கப்பலை ஒட்டிப் போவதற்கும் சிறிய படகுதான் வேண்டும். 1915இல் தீப்பிடித்த நார்வேயின் திமிங்கில வேட்டைக் கப்பல் அது. எண்ணெய்க்காகவா கொன்றார்கள் என்று மகள் இரண்டு முறை கேட்டாள்.

ஆனால் படகில் கழிப்பறை கிடையாது. ஐந்து அடுக்கு உடுப்புக்குள் இருந்த அவள் நாற்பதாவது நிமிடத்தில் என் காதில் கிசுகிசுத்தாள். அதற்குப் பிறகு நான் எந்தத் திமிங்கிலத்தையும் நிம்மதியாகப் பார்க்கவில்லை. படமெடுக்கக் கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். பட்டனை அழுத்தினேனா இல்லையா என்பதே தெரியாது.

கயாக்குக்குத் தனிக் கட்டணம், வயது வரம்பு, காற்று சற்று எழுந்தாலே ரத்து. மகன் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். குடும்பமாகப் போய்விட்டு ஆளுக்கொரு திசையில் துடுப்புப் போட எனக்குப் பிடிக்கவில்லை.

எதிர்பாராமல் ஜெயித்தது மேல்தளம். படகிலிருந்து முதுகும் வாலும் நுரையும்தான் தெரியும். மேலிருந்து அம்மாவுக்கு நீருக்குள் முழு உடலும் தெரிந்திருக்கிறது. பச்சைத் தண்ணீரில் கோலப்புள்ளி வைத்ததுபோல் குமிழிகள் வட்டமாக எழுந்தனவாம். பிறகு வட்டத்தின் நடுவில் மூன்று வாய்கள் திறந்தனவாம். கிரில்லை வளைத்துப் பிடிக்க அவை விரிக்கும் குமிழி வலை. அதே நேரத்தில் நாங்கள் இருநூறு மீட்டர் தள்ளி நுரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தோம்.

சிறு பிள்ளை இருந்தால் என் ஓட்டு இன்னமும் ரப்பர் படகுக்கே. இறங்குவதற்குக் கால்மணி நேரம் முன்பு கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். கேமராவை மட்டும் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.