பாய்மரம் இல்லாத சீ கிளவுட்: பழையபேட்டை மரப்பட்டறையில் செய்து வாங்கியது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சாமி வாகனமும் நிலைக்கதவும் செய்யும் சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. அங்கேதான் என் வகுப்புக்காக 'சீ கிளவுட்' கப்பலின் மாதிரியைச் செய்யக் கொடுத்தேன். இரண்டடி நீளம், குமிழ் மரம், 6,500 ரூபாய்.

இந்தக் கப்பலுக்கு ஆன்லைனில் தேடினால் வெள்ளை உடலும் விரித்த பாயுமாகத்தான் வருகிறது. 1931இல் ஜெர்மனியின் கீல் நகரில் அமெரிக்கக் கோடீஸ்வரி மார்ஜோரி மெரிவெதர் போஸ்ட் குடும்பத்துக்காகக் கட்டியபோது அது பாய்க்கப்பலாகத்தான் இருந்தது, நான்கு பாய்மரம், கிட்டத்தட்ட 110 மீட்டர். எனக்கு வேண்டியதோ 1942க்குப் பிந்தைய உருவம். இரண்டாம் உலகப்போருக்காக ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு அமெரிக்க அரசாங்கம் எடுத்து, பாய்மரங்களைக் கழற்றி, முகப்பிலிருந்த தங்கக் கழுகை இறக்கி, சாம்பல் நிறம் அடித்து, பீரங்கி ஏற்றி, அட்லாண்டிக்கில் வானிலை பார்க்க அனுப்பிய அந்த உருவம்.

"பாயை எடுத்துட்டா அழகே போயிடுமே டீச்சர்" என்றார் பட்டறை அண்ணன். அப்புறம் கார்ல்டன் ஸ்கின்னரைப் பற்றிச் சொன்னேன். எஞ்சின் வேலை நன்றாகத் தெரிந்த ஆலிவர் ஹென்றிக்கு, கறுப்பர் என்பதால் மட்டும் முதலில் பதவி உயர்வு மறுக்கப்பட்டதைப் பார்த்த அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதிகாரி அவர். 1943 கடைசியில் சீ கிளவுட் அவர் பொறுப்பில் வந்தது. சுமார் 50 கறுப்பின மாலுமிகள் வெள்ளையர்களோடு ஒரே இடத்தில் சாப்பிட்டு, ஒரே இடத்தில் தூங்கி, அதே வேலையைப் பார்த்தார்கள். என் அப்பாவுக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்த ஊரில் பிறந்தவள் நான். எனக்கு அந்தச் சாம்பல் கப்பல்தான் அழகு. அண்ணன் மறுபேச்சு பேசவில்லை, படத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

வேலை சுத்தம். அடிப்பாகத்தின் வளைவு, உடலில் வரிசையாக வட்டச் சன்னல்கள், எதிலும் பிசிறு இல்லை. முதலில் அடித்த பெயின்ட் பளபளவென்று இருந்தது, போர்க்கப்பலுக்குப் பொருந்தவில்லை என்றதும் காசு கேட்காமல் சுரண்டிவிட்டு மங்கலாக அடித்துக் கொடுத்தார். கோயில் வேலை வந்ததால் 12 நாள் தாமதம், அதை முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிட்டார். தர்மபுரிக்கு அனுப்பிய பார்சலில் கைப்பிடிக் கம்பிகள் மட்டும் வளைந்துவிட்டன, செம்புக் கம்பி ரொம்ப மெல்லிசு. கொஞ்சம் தடிமனாகப் போடச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய் எடுத்து வாருங்கள். கப்பலின் பக்கவாட்டுப் படத்தோடு மேலிருந்து எடுத்த படமும் வேண்டும், அது இல்லாமல் அண்ணன் உளியை எடுக்க மாட்டார்.